கல்வராயன் மலைக்குக் கணினி தேடிப்போன கஸ்தூரி மேடம்

தியாகதுருகம் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது கஸ்தூரி மேடத்தின் கணவர் அழைத்தார். "கஸ்தூரி போய்ட்டா சார்" என்றார். சிறுநீரகக் கோளாறு என்று முன்பே தெரியும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

கள்ளக்குறிச்சியில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் சின்ன அலுவலகம் எங்களுடையது. நானும் அவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். திரையில் தெரியும் பகுதிகள் என் வேலை. ஒரே கட்டடத்தில் இருக்கும் கணினிகள் ஒன்றையொன்று தாமே கண்டுபிடித்துக்கொள்ளும் பகுதி அவருடையது. ஒரு கணினி "லேப் யாருங்க?" என்று கூப்பிடும், ஆய்வகக் கணினி "நான்தான்" என்று குரல் கொடுக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் அப்படித்தான் விளக்குவார். நடுவே யாராவது சந்தேகம் கேட்டுவிட்டால் அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு ஆறிப்போகும்.

ஒவ்வொரு கணினிக்கும் உள்ள முகவரி எண்ணைக் கையால் எழுதிவைத்து ஒப்பேற்றுவது மட்டும் அவருக்கு ஆகாது. "கரண்டு போய்ட்டு வந்தா நம்பர் மாறிடும். அப்புறம் ஆஸ்பத்திரிக்காரங்க போன் மேல போன் பண்ணுவாங்க, யாருங்க எடுக்கறது?" என்பார்.

கல்வராயன் மலையில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு எங்கள் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தோம். அங்கே மருத்துவரின் கணினிக்கு ஆய்வகம் ஒருநாள் தெரியும், மறுநாள் தெரியாது. இரத்தப் பரிசோதனை முடிவு வராமல் காய்ச்சல்காரர்கள் வாசலில் காத்துக் கிடந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் ஓட்டிப் பார்த்தால் எந்தக் கோளாறும் இல்லை. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் இது வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முகவரியைக் கையால் போட்டு முடித்துவிடலாம் என்றேன்.

"நீங்க போட்டுக்குங்க சார். நான் வேலைய வுட்டுட்றேன்" என்றார் மேடம். சொன்னால் செய்கிறவர்.

இருவரும் மலையேறினோம். வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது, அவர் நிம்மதியாகப் பொரி உருண்டை தின்றுகொண்டு வந்தார். போனதும் கணினியைத் தொடவில்லை. மருத்துவரின் அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். எங்கே போனாலும் அதுதான் அவர் வழக்கம். கொஞ்ச நேரத்தில் செவிலியர் ஒருவர் தன் கைப்பேசியை மஞ்சள் பையில் போட்டு ஜன்னல் கம்பியில் மாட்டினார்.

"இன்னாங்க அது?" என்றார் மேடம்.

"இங்கதாங்க டவர் கெடைக்கும். டாக்டர் நெட்டுல ஏதாச்சும் பாக்கணும்னா இத மாட்டிட்டு, இதுலேர்ந்து கம்ப்யூட்டருக்குக் குடுப்போம்."

மேடம் சிரித்துவிட்டார். பை தொங்கும் நேரமெல்லாம் மருத்துவரின் கணினி, ஆய்வகத்தோடு தன்னை இணைக்கும் கேபிளை விட்டுவிட்டுக் கைப்பேசிப் பக்கமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஆய்வகமோ கேபிளில் இருந்தது, அதற்கு எப்படிக் கேட்கும்? ஊரில் எங்களுக்கு ஜன்னலில் பை மாட்டும் தேவையே வந்ததில்லை.

பையை எடுக்கச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"அவங்க எதுக்கு சார் மாத்திக்கணும்? நாம எல்லாப் பக்கமும் கூப்புடுவோம்."

அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினார். பை தொங்கியபடி இருக்க, ஆய்வகம் திரையில் வந்தது. "இனிமே இவங்க நம்மளக் கூப்புடற மாதிரியே இருக்கக் கூடாது சார். அதான் நம்ம வேல" என்றார்.

நேற்று, செய்தி சொல்ல அந்த மருத்துவமனைக்கு அழைத்தேன். அந்த மருத்துவரும் செவிலியரும் மாறிப் போயிருந்தார்கள். எடுத்தவரிடம், மென்பொருள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னாங்க, நல்லா ஓடிக்கினு இருக்குது. புதுசா ஒரு கம்ப்யூட்டர் வச்சோம், அதுவே லேபக் கண்டுபுடிச்சிக்கிச்சி."

கஸ்தூரி மேடம் காலமாகிவிட்டார் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, "யாருங்க அவங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி உங்கள் காதில் விழுந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள், மேடம். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. போய் வாருங்கள்.