பூஜையிலிருந்து எடுத்த ஸ்பேனர்

என் ஜீப்பைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதை எதற்கு வைத்திருக்கிறாய்? புதுக் கார் வாங்கியவனிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவனுக்குக் கை கொடுக்கிறார்கள். கேள்வியெல்லாம் பழைய வண்டி வைத்திருப்பவளுக்குத்தான். அதிலும் அவள் கல்யாணம் ஆகாதவளாக, நாற்பதைத் தாண்டியவளாக, ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பவளாக இருந்துவிட்டால், கேள்வி கேட்கத் தெருவில் எல்லோருக்கும் உரிமை வந்துவிடுகிறது.

பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது, வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

எனக்கு மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை. லேத்திலிருந்து வரும் உருப்படிகளை அளந்து பார்த்து, தேறாததை ஒதுக்கி வைக்க வேண்டும். எங்கள் குடும்பம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்திலிருந்து இங்கே வந்தது. வீடு அம்மாவுடையது. மாடியில் அண்ணன் குடும்பம், கீழே அம்மாவும் நானும். வாசலில் ஒரு வண்டி மட்டும் நிற்கக்கூடிய போர்ட்டிகோ. சண்டை முழுவதும் அந்தப் போர்ட்டிகோவுக்காகத்தான்.

ஜீப் அரசாங்க ஏலத்தில் போன பழைய டீசல் வண்டி. நான்கு சக்கரத்திலும் இழுக்க வேண்டியது, என்னிடம் வந்தபோது இரண்டு சக்கரத்தில்கூட ஒழுங்காக இழுக்கவில்லை. முன் அச்சில் எண்ணெய் ஒழுகும். ஸ்டியரிங்கைக் கால் வட்டம் திருப்பினாலும் சக்கரம் அசையாது. நான் முன் அச்சை முழுவதும் பிரித்தேன். சீல் மாற்றினேன், பேரிங் மாற்றினேன். குஜரியில், அதாவது பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு வேனின் பவர் ஸ்டியரிங்கை வாங்கிவந்து, அதற்குத் தகடு வெட்டி, வெல்டிங் மட்டும் வெளியே கொடுத்து, இதில் பொருத்தினேன். சீட்டை முன்னால் நகர்த்தினேன். இந்த வண்டியைச் செய்தவர்கள் என் உயரத்தில் ஒருத்தி இதை ஓட்டுவாள் என்று நினைத்தே பார்க்கவில்லை. யாரும் கற்றுத் தரவில்லை. ஃபோனில் வீடியோ பார்த்தேன், தப்பாக மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன்.

அண்ணனுக்கு இதெல்லாம் மானக்கேடு. அவன் பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன். "ஆஃபீஸ்ல இருந்து யாராச்சும் வீட்டுக்கு வந்தா மொதல்ல உன் காலுதான் தெரியுது அம்மிணி" என்பான். வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கால்களைச் சொல்கிறான்.

போன தசராவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவன் ஒரு புதுக் காருக்கு முன்பதிவு செய்தான். விஜயதசமியன்று டெலிவரி. அன்றிலிருந்து தினமும் போர்ட்டிகோ பேச்சுத்தான்.

"புதுக் கார வெயில்லயும் மழையிலயும் ரோட்டுல நிறுத்தச் சொல்றயா? இந்த டப்பா சும்மா நிக்குது. குஜரிக்குப் போட்டுத் தொல."

"டப்பா உன்னோடது இல்ல. போடறதுக்கு நீ யாரு?"

அவன் குஜரிக்காரனிடம் பேசியே வைத்திருந்தான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் சத்தம் தாங்காமல் அம்மா ஒரு நாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து தீர்ப்புச் சொன்னாள்.

"ஆயுத பூஜையன்னைக்கு எலுமிச்சம்பழத்த நசுக்கீட்டு முன்னால போச்சுன்னா அது வண்டி. இங்கயே நிக்கட்டும். போகலைன்னா இரும்பு. எடுத்துரோணும். இதுக்கு மேல ரெண்டு பேரும் எங்கிட்டப் பேசப்படாது."

பூஜையன்று சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, அதன் மேல் வண்டியை ஏற்றுவது எல்லோரும் செய்வதுதான். அதைக் கொண்டு ஒரு பாகப் பிரிவினையை முடித்தது எங்கள் அம்மா மட்டும்தான். நான் உடனே ஒப்புக்கொண்டேன். வண்டி ஓடிக்கொண்டுதானே இருந்தது!

பூஜையன்று விடிந்ததும் அம்மா வீட்டிலுள்ள ஆயுதங்களையெல்லாம் திரட்டிவிட்டாள். அரிவாள்மனை, கத்தரிக்கோல், தையல் மிஷின், அண்ணனின் லேப்டாப், என் டூல் பாக்ஸ். ஸ்பேனர்களைப் பெரியது சிறியது பார்த்து வாழையிலையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்திப்பூவைச் சுற்றினாள். அதற்குப் பிறகு மறுநாள் மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக் கூடாது. காய்கறியைக்கூட முந்தின நாளே நறுக்கி ஃபிரிஜ்ஜில் வைத்துவிடுவாள்.

வண்டிக்குப் பூஜை மதியத்துக்கு மேல். அதற்கு முன்னால் கழுவிவிடலாமென்று ஜீப்பைத் தெருவுக்கு எடுத்தேன். கழுவி முடித்து, கேட்டுக்கு நேராக நிறுத்தக் கிளட்ச்சை விட்டபோது அடியில் டங்கென்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தேன். எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற நீளமான ஷாஃப்ட்டின் பின்முனை தரையில் கிடந்தது. மூட்டில் இருக்கும் கிராஸ் உடைந்திருந்தது. அது சிலுவை வடிவத்தில் ஒரு சின்ன இரும்பு. அது போனால் வண்டி போனது. அந்த ஜீப்பில் நான் கை வைக்காத ஒரே இடம் அதுதான்.

அண்ணன் பட்டு வேட்டியோடு வெளியே வந்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

"என்ன அம்மிணி, பூஜைக்கு முன்னாலயே உன் வண்டி சாமி கும்பிட்டிருச்சு? கீழ விழுந்தல்ல கெடக்குது?"

எதிர்வீட்டு ரிட்டயர்டு கன்னடக்காரர் ஸ்கூட்டரைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, "ஏனு மேடம், முகீத்தா கதே?" என்றார். கதை முடிந்துவிட்டதா என்று கேட்கிறார். இன்னும் முடியவில்லை என்றேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஃபோன் செய்தேன். "அக்கா, ஷட்டருக்கே பூஜ போட்டாச்சு. நாளைக்கு நல்ல நேரத்துல தொறந்து ஒரு போணி பண்ணுவேன். அப்ப வாங்க" என்றார் கடைக்காரர். நாளைக்கு கிராஸ் கிடைத்து எனக்கு என்ன? எலுமிச்சம்பழம் இன்றைக்கு.

ஈரத் தெருவில் குந்தி உட்கார்ந்து யோசித்தேன். பின் சக்கரங்கள் இழுக்காது. சரி. ஆனால் இது நான்கு சக்கரத்தில் இழுக்கிற வண்டி. முன் சக்கரங்களுக்குத் தனியாக ஒரு ஷாஃப்ட் போகிறது, அதில் ஒரு குறையும் இல்லை. லீவரைப் போட்டு முன் அச்சை இணைத்தால் முன் சக்கரங்களே வண்டியை இழுத்துக்கொண்டு போகும். ஒரே தடை, உடைந்த பின் ஷாஃப்ட்டின் மறுமுனை இன்னும் வண்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே ஓட்டினால் தரையில் கிடக்கும் முனை சுழன்று அடித்து அடியிலிருப்பதையெல்லாம் கிழித்துவிடும். அதைக் கழற்றி எறிய வேண்டும். அதற்கு ஒரு பதினாலு-பதினைந்து ஸ்பேனர் போதும். அது பூஜையில் இருந்தது.

எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நம்மதூ பூஜேகே இட்டிதீவி மேடம்" என்று கையை விரித்தார். அவருடையதும் பூஜையில். முனையிலிருந்த பஞ்சர் கடைக்கு ஓடிப் பார்த்தேன். அங்கே கம்ப்ரசருக்கே வாழைக்கன்று கட்டியிருந்தது. அன்று மைசூரில் சும்மா கிடந்த ஸ்பேனர் ஒன்றுகூட இருந்திருக்காது.

வீட்டுக்குள் போனேன். அம்மா பொரியும் கடலையும் கலந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு ஸ்பேனர் எடுத்துக்கறேன்."

"தொட்டுப் பாரு."

"தொடத்தான் வந்திருக்கேன்."

"வேண்டாஞ் சாமி. வருசம் பூரா அதுகளப் போட்டு முறிக்கற. ஒரு நாளு சும்மா இருக்கட்டும். நாளைக்கு எடுத்துக்க."

"நாளைக்கு எடுத்து? குஜரிக்காரனுக்குப் பிரிச்சுக் குடுக்கறதுக்கா?"

அண்ணன் பின்னாலேயே வந்துவிட்டான். "வீட்ல கொழந்தைக இருக்குது. பூஜைல வெச்சத எடுத்து நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீ பாத்துக்குவியா?"

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"லேப்டாப்ப வெச்சயே, ஃபோன ஏன் வெக்கல? அது ஆயுதம் இல்லையா? காலைல இருந்து அதத்தான நோண்டீட்டிருக்கற?"

"அது வேற."

"என்ன வேற? மெயின் ரோட்டுல போய்ப் பாரு. பஸ்ஸுக்கு மாலை போட்டு, பொட்டு வெச்சு, பூசணிக்கா ஒடைச்சு, அந்த பஸ்ஸயேதான் ஓட்டீட்டுப் போறான். கும்பிட்ட பஸ்ஸு ஓடலாம், கும்பிட்ட ஸ்பேனர் திரும்பக் கூடாதா?"

"வாய் மட்டும் நல்லா இருக்குது உனக்கு."

"கையும் நல்லாத்தான் இருக்குது. ஸ்பேனர்தான் இல்ல."

எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். இருக்கிறது. ஃபேக்டரியில் மிஷினுக்குப் பொட்டு வைக்கிற அன்று நானும் கையெடுத்துக் கும்பிடுகிறவள்தான். ஆனால் அண்ணன் அன்று சாமிக்காகப் பேசவில்லை. அவன் காருக்காகப் பேசினான். அதனால்தான் எனக்கு ஆத்திரம்.

நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அந்த ஸ்பேனரை எடுத்தேன். சுற்றியிருந்த பூவை இலையிலேயே வைத்தேன். நான் எழுந்தபோது அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அண்ணன் கத்தியதெல்லாம் என்னை ஒன்றும் செய்யவில்லை. அம்மா அப்படித் திரும்பிக்கொண்டதுதான் செய்தது. இருந்தாலும் ஸ்பேனரை நான் திரும்ப வைக்கவில்லை.

நல்ல நாளுக்கென்று போட்டிருந்த புதுச் சுடிதாரோடு தெருவில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். முதல் நட்டுகள் சீக்கிரமே வந்துவிட்டன. கடைசி நட்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கை வலு போதவில்லை. உடம்பைத் திருப்பி, ஸ்பேனரின் முனையில் குதிகாலை வைத்து உதைத்தேன். காலையில் அம்மா சந்தனம் வைத்த ஸ்பேனரைக் காலால் உதைத்தேன். அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "ஐயையோ, காலு வெக்கறா பாரும்மா" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். இன்னொரு உதை விட்டேன். நட்டு இளகியது.

ஷாஃப்ட்டை இழுத்து வெளியே போட்டேன். முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் பூட்டுகளைக் கையால் திருகி இணைத்தேன். லீவரை முன்னால் தள்ளினேன்.

அம்மா தட்டோடு வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாள்.

"பின்னால எதுக்கும்மா? அந்தப் பக்கந்தான் செத்துப்போச்சே" என்றான் அண்ணன்.

"நாலு சக்கரம் இருக்குது, நாலு பழம். நீ அக்கட்டால போ."

எங்கள் போர்ட்டிகோவுக்கு ஏறுகிற சரிவு வழவழப்பான கல். வண்டி கழுவிய தண்ணீர் வேறு அதில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் கியரில் கிளட்ச்சை விட்டதும் முன் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றின. ஒரு பழம் சக்கரத்துக்கு முன்னால் உருண்டு போனது. எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். இன்னொரு முறை இப்படி வழுக்கினால் அண்ணன் ஃபோனை எடுத்துவிடுவான், குஜரிக்காரன் வந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற இன்னொரு லீவரைப் போட்டேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். கிளட்ச்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். டயர் கல்லைப் பிடித்தது. வண்டியின் மூக்கு ஒரு முறை குலுங்கியது. அப்புறம் நடக்கிற வேகத்தில், முனகிக்கொண்டே, சரிவில் ஏறியது. உருண்டு போன பழம் சக்கரத்துக்கு அடியில் போய் நசுங்குவது எனக்கு மேலிருந்தே தெரிந்தது. மறுபக்கத்துப் பழமும் நசுங்கியது. பின் சக்கரங்கள் தம் பங்குக்கு வந்து தம் முன்னால் இருந்த இரண்டையும் நசுக்கின.

போர்ட்டிகோவுக்குள் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

"இது ஏமாத்து. பாதி வண்டிதான் ஓடிச்சு" என்றான் அண்ணன். "பின்னால ஷாஃப்ட்டே இல்ல. இத எப்படிம்மா ஒத்துக்கறது?"

அம்மா சரிவில் குனிந்து பார்த்தாள். "பழம் நசுங்கிருச்சு" என்றாள். எனக்கு அவள் ஆரத்தி எடுக்கவில்லை. வண்டிக்கு மட்டும் எடுத்துவிட்டுத் தட்டோடு உள்ளே போய்விட்டாள். அன்று முழுவதும் என்னோடு பேசவும் இல்லை. எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. வண்டியைக் காப்பாற்றியதற்கு எதற்கு மன்னிப்பு?

மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் கடைக்குப் போய் முதல் போணியாக கிராஸ் வாங்கிவந்தேன். ஜீப்பை போர்ட்டிகோவிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாஃப்ட்டைத் தரையில் போட்டு வேலையைத் தொடங்கினேன். அப்போதுதான் அண்ணன் புதுக் காரில் ரிப்பன் பறக்க வந்து இறங்கினான். தெருவிலேயே மரத்தடியில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான். முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அம்மிணி, ஒரு போட்டோ எடுக்க மட்டும் இத வெளிய தள்ளிக்கலாமா? கார உள்ள நிறுத்தி, எல்லாரும் நின்னு ஒரு படம். அப்பறம் நானே வெளிய எடுத்துருவேன்."

"முடியாது. ஸ்டாண்டுல நிக்குது."

"எறக்கேன்."

"எறக்க மாட்டேன். விஜயதசமியன்னைக்கு ஆரம்பிச்ச வேலையப் பாதில விடப்படாது. அம்மாவக் கேட்டுப் பாரு."

அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். "சின்னப் புத்தி" என்றாள். முந்தின நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. ஆமாம், சின்னப் புத்திதான். அவன் குஜரிக்காரனிடம் பேசி வைத்தது பெரிய புத்தியா?

எல்லோரும் தெருவுக்குப் போய் மரத்தடியில் காரைச் சுற்றி நின்றார்கள். அம்மாவும் போய் நின்றாள். எதிர்வீட்டுக்காரர் ஃபோனை வாங்கிக்கொண்டு, சிரியுங்கள் என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் புது கிராஸை ஷாஃப்ட்டின் மூட்டில் நேராக வைத்து, சுத்தியலை எடுத்து அடித்தேன்.

"ஒரு நிமிசம் அடிக்காம இருக்க மாட்டயா?" என்று அண்ணன் தெருவிலிருந்து கத்தினான்.

"மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி அடித்தேன்.