மகள் விட்டுச்சென்ற ஃபெரட்

மெல்பர்னில் வேலை கிடைத்துப் போனபோது என் மகள் ஒரு கூண்டையும், அதற்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஃபெரட்டையும் சிட்னியில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அவள் எடுத்திருந்த ஃபிளாட்டில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. "மூணே மாசம்ப்பா. வேற வீடு பார்த்ததும் வந்து எடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள். ஃபெரட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வதென்றால், நம் ஊர்க் கீரிப்பிள்ளையை இன்னும் கொஞ்சம் மெலிதாக இழுத்து, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை போட்டுவிட்டால் அதுதான். அவள் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தாள். எனக்கு அது வாயில் நுழையவில்லை. கீரி என்றே கூப்பிட்டேன்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை என்று மனைவியிடம் புலம்பினேன். சிட்னிப் புறநகரான வென்ட்வொர்த்வில்லில் எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. அந்த ஜீவனோ இறைச்சியைத் தவிர வேறெதையும் தின்னக்கூடாது. சோறு, பால், பழம் எதுவும் அதன் குடலுக்கு ஆகாது என்று மகள் ஒரு காகிதத்தில் எழுதி, அடியில் சிவப்புக் கோடு போட்டு, ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். ஆக, ஐம்பத்தாறு வயதில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கராஜில் தனிக் கத்தி, தனிப் பலகை வைத்துக் கோழி இறக்கை வெட்டக் கற்றுக்கொண்டேன். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், விடிந்ததும் கிளம்பிவிடுவாள். நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். அதனால் தீனி வைப்பது, கூண்டைக் கழுவுவது, நகம் வெட்டுவது எல்லாம் என் தலையில் விழுந்தன.

முதல் வாரமே ஒரு கூத்து. ஒரு நாள் மத்தியானம் கூண்டுக்குள் கட்டியிருந்த துணித் தூளியிலிருந்து அதை எடுத்தால் ஈரத்துணி மாதிரி கையில் தொங்கியது. கூப்பிட்டேன், குலுக்கினேன், அசைவே இல்லை. செத்துவிட்டது என்று பதறிப்போய் மகளுக்குப் போன் செய்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அது அப்படித்தான்ப்பா தூங்கும். மூக்குகிட்ட சாப்பாட்டைக் காட்டு." காட்டினேன். ஒரு கண்ணைத் திறந்து, நீளமாக ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, என் விரலை நக்கியது.

மூன்று மாதம் பத்து மாதமானது. அவளுக்கு வீடு கிடைக்கவில்லை என்றாள். எனக்கும் அதில் அவசரம் இல்லாமல் போயிருந்தது. அலுவலகக் கூட்டங்களின்போது அது என் ஸ்வெட்டர் கைக்குள் புகுந்து முழங்கை மடிப்பில் சுருண்டுகொள்ளும். சாயங்காலம் ஹாலில் விட்டால் முதுகை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் துள்ளித் துள்ளி, சோபா காலில் முட்டிக்கொண்டு, மறுபடியும் துள்ளும். என் சாக்ஸ் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எனக்கு அதைப் பிடித்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம். பெற்ற மகளைச் சின்ன வயதில் மடியில் வைத்துக்கொள்ள எனக்கு நேரம் இருந்ததில்லை.

மகளின் காகிதத்தில் இன்னொரு சிவப்புக் கோடும் இருந்தது. ஃபெரட்டுக்கு வியர்க்காது. முப்பது டிகிரிக்கு மேல் போனால் தாங்காது. அதற்காகவே லாண்ட்ரி அறையில், கூண்டுக்குப் பக்கத்தில், தரையில் உருட்டி வைக்கிற சின்ன ஏசி ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். மேலே அலமாரியில் ஒரு கேமரா. மெல்பர்னில் இருந்தபடியே போனில் அது தூங்குவதைப் பார்த்துக்கொள்வாள்.

இந்த இடத்தில் என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கடைசியாக வெளியே வருகிறவன் நான்தான். ஃபிரிட்ஜையும் மைக்ரோவேவையும் தவிர ஒவ்வொரு அறையிலும் சுவரிலுள்ள சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் வருவேன். சென்னையில் இருந்தபோது ஒருமுறை ஆளில்லாத வீட்டில் ஸ்டெபிலைசர் புகைந்து திரைச்சீலை எரிந்தது. அன்றிலிருந்து கையே தானாகப் போய் அணைக்கும். வைஃபையையும் அணைத்துவிடுவேன். கேமரா நின்றுபோகிறது என்று மகள் இரண்டு தடவை கோபித்துக்கொண்டாள். சரி சரி என்றேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா?

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை எங்கள் கல்யாண நாள் வந்தது. ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிற ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்வது வழக்கம். அன்றைக்கு எங்கள் பக்கம் நாற்பத்திரண்டு டிகிரி போகும் என்று சொல்லியிருந்தார்கள். மனைவி லாண்ட்ரியில் ஏசியைப் போட்டு, கதவைச் சாத்தி, "ஏசி ஓடுது, அப்படியே விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தாள். எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. கிளம்புமுன் ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் உள்ளே போனேன். தூளியில் வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கியது. தடவிக் கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். நடுவில் கை தன் வேலையைச் செய்துவிட்டது.

பாதி வழியில் மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. மனைவி படித்துக் காட்டினாள்: கேமரா ஆஃப்லைன் என்று வருகிறது, எல்லாம் சரியா? வைஃபையை அணைத்தது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஏசியை அணைத்தது ஞாபகம் வரவில்லை. மறுபடியும் திட்டு வாங்க மனமில்லாமல், "நெட் போயிருக்கும்னு போடு" என்றேன். அவளும் அப்படியே போட்டாள்.

கோயிலில் மரங்களுக்கு நடுவே காற்று வந்தது. தரிசனம் முடிந்து, கேன்டீனில் புளியோதரை சாப்பிட்டோம். பன்னிரண்டு மணிக்கே கிளம்பியிருக்கலாம். "இந்த வெயில்ல வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போறோம், கொஞ்சம் உட்காரலாம்" என்று சொன்னதும் நான்தான்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. மனைவி காரிலிருந்து பிரசாதப் பையை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் முதலில் உள்ளே போய் லாண்ட்ரிக் கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. ஏசியின் சத்தம் இல்லை. சுவிட்சைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. ஃபெரட் தூளியிலிருந்து இறங்கி, கூண்டின் மூலையில் நீட்டிப் படுத்திருந்தது. வாய் திறந்திருந்தது, வயிறு வேகமாக ஏறி இறங்கியது. தூக்கத்தில் அது அப்படி மூச்சு விடாது. நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அதைத் தூக்கவில்லை. சுவிட்சைப் போட்டேன்.

பின்னாலேயே வந்த மனைவி, "ஏசி ஓடுதே, அப்புறம் எப்படிங்க?" என்றாள்.

"கரண்ட் போயிட்டு வந்திருக்கும்" என்றேன்.

அவள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கரண்ட் போய் வந்தால் எங்கள் மைக்ரோவேவில் மணி பன்னிரண்டு என்று மினுக்கிக்கொண்டிருக்கும். அது சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒரு துண்டைக் குளிர்ந்த நீரில் நனைத்துக்கொண்டு வந்தாள்.

மிருக வைத்தியசாலைக்கு இருபது நிமிடம். துண்டில் சுற்றி மனைவி மடியில் வைத்திருந்தாள். வழியில் இரண்டு முறை அதற்கு வலிப்பு வந்தது. டாக்டர் சின்னப் பெண். எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது என்று கேட்டாள். ஒரு மணி நேரம் இருக்கலாம் என்றேன். வைத்தியம் பார்ப்பவளிடமும் பொய். மனைவி என் முகத்தைப் பார்க்காமல், "ஆறு மணி நேரம்" என்று திருத்தினாள். டிரிப் ஏற்றினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். ஐந்தரை மணிக்கு அந்தப் பெண் வெளியே வந்து, இதயம் நின்றுவிட்டது, எங்களால் முடிந்ததைச் செய்தோம் என்றாள்.

மகளுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். கரண்ட் போய்விட்டது என்றேன். "இட்ஸ் ஓகேப்பா, நீ என்ன செய்வே" என்றாள். அழவில்லை. மறுநாள் கொல்லையில் துணி உலர்த்தும் கம்பிக்குப் பக்கத்தில் குழி வெட்டினேன். களிமண் வெயிலில் இறுகிக் கிடந்தது. இரண்டு மணி நேரம் ஆனது, மனைவி உதவிக்கு வரவில்லை. புதைத்துவிட்டுக் கை கழுவியபோது, "அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றாள். அதற்குப்பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, போன உயிர் வரவா போகிறது என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். பொய் எவ்வளவு சுலபம் என்று அந்தப் பத்து நாளில் தெரிந்தது. சோறுதான் இறங்கவில்லை.

பத்தாம் நாள் மகள் கூப்பிட்டாள். வேலைக்குப் போகவில்லையாம், நான்கு நாளாக லீவு. குரல் கம்மியிருந்தது.

"கேமரா ஆஃப்லைன்னு ஒன்பதரைக்கே வந்துச்சுப்பா. அப்பவே கரண்ட் போயிருக்கு. நெட் போச்சுன்னு அம்மா போட்டதும் நான் விட்டுட்டேன். பக்கத்து வீட்டு அங்கிளைக் கூப்பிட்டுப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கலாம்ல? எனக்கு அந்த அங்கிள் நம்பர் இருக்கு. கூப்பிடல. ஃப்ரெண்ட்ஸோட காபி குடிச்சிட்டிருந்தேன். நான்தான்ப்பா கொன்னுட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று இருந்தவனுக்கு, அந்தப் பூசணிக்காயைத் தூக்கி மகள் தலையில் வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றேன்.

"கரண்ட் போகலம்மா" என்றேன். "நான்தான் அணைச்சேன். கிளம்பும்போது, எப்பவும் மாதிரி. வைஃபையும் நான்தான். உன் மெசேஜ் வந்தப்ப நெட்டுன்னு போடச் சொன்னதும் நான்தான். வந்து பார்த்ததும் அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு சுவிட்சைப் போட்டேன். உன்மேல ஒரு தப்பும் இல்லை."

திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

"நீ கதவைத் திறந்தப்போ, அதுக்கு உன்னை அடையாளம் தெரிஞ்சுதாப்பா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. கையை நக்கியது, என்னைத் தேடியது, வலி தெரியாமல் போனது என்று அவளுக்கு ஆறுதலாகச் சொல்ல எத்தனையோ இருந்தன.

"இல்லைம்மா" என்றேன். "கண் திறந்துதான் இருந்துச்சு. என்னைப் பார்க்கல."

அப்போதுதான் அவள் அழுதாள். சின்னப் பிள்ளையில் அழுத மாதிரி வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் அழுது முடிக்கும்வரை இருவரும் போனை வைக்கவில்லை.