லோரெத் விளக்கை அணைத்த இரவு

செயின்ட் லாரன்ஸ் ஆறு கடலாக விரியும் வடகரையில், லோரெத் வீட்டு முற்றத்துக் கம்பத்தில் ஒரு பெரிய விளக்கு உண்டு. மகன் ரொசேர் படகெடுத்துப் போனால் எரியும்; அவன் கரையில் கயிறு கட்டிய பிறகுதான் அணையும். ஒரு புயலில் மின்சாரம் போய் அது அணைந்துகிடந்த இரவில்தான் அவள் கணவன் வால்மோர் திரும்பாமல் போனான். "கடல் என்ன, விளக்கைப் பாத்தா ஆளை எடுக்குது?" என்று ஊரார் சொல்லிப் பார்த்தார்கள். மீன் ஆலையில் நாளெல்லாம் எல்லாரையும் சிரிக்க வைப்பவள், இந்த ஒன்றில் மட்டும் இறங்கி வரமாட்டாள்.

அந்த அக்டோபரில் வடக்கே ஊசியிலைக் காடுகளில் விதை பொய்த்துவிட்டது. சிறகில் மஞ்சள் கீற்றுள்ள சின்னக் குருவிகள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே கிளம்பின. பகல் போதாமல் இரவிலும் பறந்தன. மூடுபனி இறங்கிய ஓர் இரவு, பெருங்கூட்டமொன்று லோரெத்தின் விளக்கில் சிக்கிக்கொண்டது. சுற்றின, சுற்றின, விலகத் தெரியவில்லை. சில கம்பத்தில் மோதின. சில களைத்து விழுந்தன. அவள் மேலங்கியை மடித்து அதில் பொறுக்கிப் போட்டாள்.

பக்கத்து வீட்டு ஆர்மெல் தூக்க உடையோடு ஓடிவந்தார்.

"லோரெத், அந்த விளக்கை அணைச்சுத் தொலையேன்! இதுங்களைக் கொன்னே தீருவியா?"

"ரொசேர் இன்னும் வரலை."

"அவன் உன் விளக்கைப் பாத்துதான் வரானாக்கும்!"

"புருஷனைக் கடலுக்குக் குடுத்தவ நான். நீங்க இல்ல."

ஆர்மெல் போகவில்லை, குனிந்து அவரும் குருவிகளைப் பொறுக்கினார். லோரெத்தின் காலடியில் இன்னொன்று பொத்தென்று விழுந்தது. அவள் அடுக்களைக்குப் போய், படகோடு பேசும் ரேடியோவை எடுத்தாள்.

"ரொசேர், எங்கடா இருக்கே?"

"தீவைத் தாண்டிட்டேம்மா. ஏன், குரலே ஒரு மாதிரியா இருக்கு?"

குருவிகளைப் பற்றிச் சொன்னாள். "விளக்கை அணைச்சா நீ..."

இன்ஜின் சத்தத்துக்கு மேலே அவன் குரலை உயர்த்தினான்.

"அம்மா, இந்தப் பனியில என் படகு மூக்கே எனக்குத் தெரியலை. திசை காட்டுற கருவியைப் பாத்துதான் வரேன். அணைச்சிடு."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். போய்ப் பட்டாணி சூப்பைச் சூடு பண்ணு."

வாசலுக்கு வந்து விளக்கை அணைத்தாள். தலைக்கு மேலே சிறகுச் சத்தம் ஒரு கணம் தடுமாறியது. பிறகு கீச்சொலிகள் ஒன்றுசேர்ந்து, உயர்ந்து, தெற்கே மெலிந்து போயின.

"குருவிங்க போயிடுச்சுங்க," என்றார் ஆர்மெல்.

அவள் காது கடலில் இருந்தது. விரல் சுவிட்சிலேயே இருந்தது. வெகுநேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து இன்ஜின் சத்தம் வந்தது. படகுத்துறைப் பலகையில் கயிறு விழுந்தது. அப்போதுதான் அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா இருட்டுல உக்காந்திருக்கே?"

அவள் சிரித்துவிட்டாள். எழுந்து, அவனுடைய ஈரமான சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படி வழுக்கும்டா. பாத்து வா."