சேவல் திருடிய டிரில் டீச்சர்

1934ஆம் வருஷத்து அறுப்பின் பண்டிகையில், வேதக்கோயில் முற்றத்தில் நடந்த காணிக்கை ஏலத்தில் சேவலைத் தூக்கிக்கொண்டு ஓடியது சத்தியபாய்தான். பெண்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர். புருஷனின் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி, தலையில் முண்டாசு சுற்றி, முகமெல்லாம் அடுப்புக்கரி பூசி, மதிலேறி வாழைத்தோப்புக்குள் குதித்தாள். குதித்தவள் அங்கேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். கல்யாணமான பெண்ணை இந்த ஊரில் வேறு யார் ஓடவிட்டார்கள்?

ஓடச் சொன்னவர் அவள் புருஷன் ஜான்ரோஸ். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் மனோதத்துவம் சொல்லிக்கொடுப்பவர். கண்ணால் கண்ட சாட்சியை எவ்வளவு நம்பலாம் என்று சோதித்துப் பார்க்க அவருக்குக் கொள்ளை ஆசை. சோதனை என்று மூச்சுவிடாமல், ஏலத்துக்கு வந்த அறுபது பேருக்கும் காகிதம் கொடுத்து, திருடனைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதுகிறவர் தன் பெயரைப் போட வேண்டாம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எழுதி வாங்கிவிட்டு உண்மையைச் சொல்வதாகத் திட்டம்.

அன்று சாயங்காலம் காகிதங்களை வாசித்த சத்தியபாய்க்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. திருடனுக்குப் பெரிய மீசையாம். ஒன்பது பேர் கையில் அரிவாளைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் அவன் நொண்டினான் என்று சத்தியம் செய்திருந்தார். திருடன் இன்னார் என்று பெயரே எழுதியவர்களும் உண்டு. ஒன்றிரண்டு பேர் வேறு யார் யாரையோ எழுதியிருக்க, பதினோரு பேர் முத்துநாயகம் என்று எழுதியிருந்தார்கள்.

முத்துநாயகம் கோட்டாற்றுச் சந்தையில் கருப்பட்டி விற்பவர். இளவட்ட வயதில் ஒரு கோழியைத் திருடி மாட்டிக்கொண்டார், ஊர் அதை மறக்கவே இல்லை. திருடன் ஓடிய நேரம் அந்த மனுஷன் ஏலம் எடுத்த பூசணிக்காயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எல்லார் நடுவிலும் நின்றார். என்ன பிரயோஜனம்? புதன்கிழமைக்குள் அவர்தான் திருடன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவர் மகள் நேசபாய்க்குக் கல்யாணம் நிச்சயமாகி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கோயிலில் மூன்று தடவை வாசிக்கும் கல்யாண ஓலையில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா தங்கையன், சபையை நடத்தும் உபதேசியாரிடம் போய், இரண்டாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சத்தியபாய்க்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை. உண்மையை உடனே சொல்லிவிடுவோம் என்று புருஷனிடம் கெஞ்சினாள். சொன்னால் இரண்டாம் சோதனை கெட்டுவிடும், இன்னும் கொஞ்ச நாள்தானே என்று அவர் இழுத்தார்.

“உங்க சோதனை கெட்டா இன்னொரு சேவல் வாங்கலாம். அந்தப் பிள்ளைக்க கல்யாணத்தை எந்தச் சந்தையில வாங்குவிய?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். சேவலைத் தூக்கியது நான்தான் என்றாள். ஒருத்தரும் நம்பவில்லை. பாவம், இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறாள் என்றார்கள். மீசையை நான் கண்ணால் பார்த்தேனே என்று தங்கையன் அடித்துச் சொன்னார்.

சத்தியபாய்க்குக் கோபம் வந்துவிட்டது. சபையை அப்படியே முற்றத்துக்கு இழுத்து வந்தாள். வீட்டில் கூடைக்கடியில் ஒளித்து வைத்திருந்த சேவலைக் கொண்டுவந்து, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினாள். அதே மதில், அதே தாவல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். திரும்பி வந்தவளைப் பார்த்துச் சபை முழுக்கச் சிரித்தது. ஜான்ரோஸ் தலைகுனிந்து, செய்ததெல்லாம் சொல்லி, முத்துநாயகத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

பிறகு தங்கையன் மெல்ல முன்னால் வந்தார்.

“சம்பந்தி, உம்ம பேரை எழுதினதுல நானும் ஒருத்தன். மன்னிச்சிரும்.”

முத்துநாயகம் அவரை ஓரமாக இழுத்தார்.

“எதுக்கு மன்னிப்பு? நான் எழுதினது உம்ம பேரைத்தான்.”

உபதேசியார் முற்றத்து வெயிலிலேயே இரண்டாம் ஓலையை வாசித்தார். ஆட்சேபம் உண்டா என்று அவர் கேட்டபோது, சம்பந்திகள் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.