வெறும் வயிற்று விரால்கள்

ஏரிக்கரையில் இருந்த மீன் ஆராய்ச்சி அலுவலகத்தில் அவரைக் கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விரால் மீனின் வயிற்றைக் கத்தரிக்கோலால் திறந்து, அது என்ன தின்றிருக்கிறது என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் கை படு சுத்தம். காலையில் முதல் மீனைத் தொடுமுன் கண்ணை மூடி, "ஆண்டவனே, இந்த உசிரு வீணாப் போகாமப் பாத்துக்கோ" என்று முணுமுணுப்பார்.

மேசையில் மீனின் நீளத்துக்கு ஒன்றாக மூன்று தட்டுகள். ஆராய்ச்சி செய்யும் மேடம் சென்டிமீட்டரில் எழுதுவார். அக்காவுக்கு விரல், சாண், முழம். விரல் நீளக் குஞ்சுக்குள் இருப்பது கண்ணுக்கே தெரியாது. கண்ணாடித் தகட்டில் தடவி மேடத்தின் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்ப வேண்டும். சாண் நீளம் வந்தால் தண்ணீர்ப் பூச்சியும் குட்டி இறாலும் இருக்கும். முழம் ஆகிவிட்டால் மீனே மீனை விழுங்கும். ஒருநாள் முழுத் தவளையே கிடைத்தது, அப்போதுதான் குதிக்கப் போவதுபோல. ஒரே ஏரி, ஒரே தண்ணீர். வாய் பெரிதாகப் பெரிதாக இரை மாறிக்கொண்டே போகிறது.

அக்காவின் மகளும் அப்படித்தான். பல் முளைக்கும் வயதில் பாலில் ஊறிய ரொட்டி. பள்ளிக்கூட நாளில் முட்டையின் மஞ்சளை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையை அம்மா தட்டுக்குத் தள்ளுவாள். தூரத்து நகரத்துக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது அவள் சாப்பிடுவதாகச் சொல்லும் எதன் பெயரும் அக்காவின் வாயில் நுழைவதில்லை.

ஐந்து வாரத்துக்கு முன் போனில் மகள் சலித்துக்கொண்டாள். "எப்பப் பாத்தாலும் சாப்டியா சாப்டியா. வேற பேச்சே கிடையாதாம்மா உனக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அக்காவுக்குச் சுருக்கென்றது. அடுத்த தடவை நல்ல சேதி ஏதாவது சேர்ந்த பிறகுதான் கூப்பிடுவது என்று முடிவு செய்தார். சேதி என்ன பெரிய சேதி? எதிர்வீட்டில் கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். அதற்காகப் போன் போடுவதா? போனை எடுப்பார், அவள் படத்தைத் தடவுவார், வைத்துவிடுவார். பிரார்த்தனையில் மட்டும் தினமும் அவள் பெயரைத் தவறாமல் சொன்னார்.

பூட்டு ரிப்பேர் செய்யும் கணவர் கிண்டலடித்தார். "நாள் பூரா மீனுங்க என்ன சாப்டுச்சுன்னு நோண்டிட்டு வரே. பெத்த பொண்ணைக் கேக்கறதுக்கு மட்டும் என்ன ரோஷம்?"

"மீனு சலிச்சுக்காதுங்க" என்றார் அக்கா.

ஒருநாள் மதியம் மேடம் நோட்டோடு வந்தார். அக்காவைவிடப் பத்து வயது இளையவர். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார்.

"அக்கா, ஒரு வருஷமாப் பாக்கறேன். முழ மீனுல ஒண்ணுகூடப் பட்டினியா இல்லையே. அதெப்படி?"

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "வெறும் வயிறு நிறைய வருது மேடம். குஞ்சுக்குக் காவல் இருக்கற பெரிய மீனுங்க பாதி அப்படித்தான். கட்டத்தைக் காலியா விட்டா வேலை செய்யலேன்னு நெனைப்பீங்களேன்னு... அதைத் தள்ளிட்டு வேற மீனை அறுத்து எழுதிருவேன்."

மேடம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவமே! அப்ப என் ஏரியில எல்லா விராலும் எந்நேரமும் மூக்குப் பிடிக்கத் தின்னுட்டிருக்கு!" சிரிப்பும் அழுகையுமாக நோட்டை மூடினார். "ஒரு வருஷ வேலையைத் திரும்பப் பண்ணணும். போகட்டும் விடுங்க. ஆனா இனிமே காலியா இருந்தா காலின்னே எழுதுங்கக்கா. ஒண்ணுமில்லைங்கறதையும் யாராவது எனக்குச் சொன்னாத்தானே தெரியும்?"

"எத்தனை உசிர வீணாக்கிட்டேன் ஆண்டவனே" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுபடி கத்தரிக்கோலை எடுத்தவர், சாயங்காலத்துக்குள் மூன்று காலி வயிறுகளை எழுதினார். மூன்றாவதை எழுதும்போது பேனா சற்று நேரம் அங்கேயே நின்றது.

ஐந்து மணிக்குப் பின்பக்கக் குழாயில் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரத்தைச் சேலையில் துடைத்து, போன் போட்டார்.

"அம்மா? என்னாச்சு? அப்பா நல்லாருக்காரா?"

"நல்லாருக்காருடி. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா கூப்பிட்ட?"

"ஆமாண்டி. சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. கேள்வி அக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஏம்மா, கேக்க மாட்டியா?"

"என்னத்தடி?"

"அதான். சாப்டியான்னு."

"சாப்டியா கண்ணு?"

"இல்லம்மா." குரல் சின்னதாகிவிட்டது. "ரெண்டு நாளா ஒழுங்கா எதுவும் சாப்பிடல. எப்பவும் சாப்டேன் சாப்டேன்னு சும்மா சொல்லுவேன்."

எட்டு மணி நேரப் பேருந்துத் தொலைவு. போய்ச் சேர்ந்து, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டிவிட முடியாது. அக்கா குழாயைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல என்ன இருக்கு?"

"ஒரு முட்டை இருக்கு."

"வேகவைடி. நான் இருக்கேன்."

"போனை வச்சுடாதம்மா."

"வைக்கலடி."

பாத்திரம் நகரும் சத்தம், தண்ணீர் விழும் சத்தம், பிறகு வெகுநேரம் எதுவுமில்லை. அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். ஓடு உடைபடும் சத்தம் கேட்டது.

"மஞ்சளைத் தின்னுட்டேன்" என்றாள் மகள்.

"வெள்ளையையும் நீயே தின்னு" என்றார் அக்கா.