செட்டில் ஏழாவது ஆள்

ஹோட்டல் அடுப்படியில் நின்றவர்களுக்கு 'செட்' என்றால் என்னவென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சரக்கு மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். சாம்பார், கூட்டு, குழம்பு எல்லாம் அவர் கை. அவருக்குக் கீழே தோசைக்கல்லுக்கு, பலகாரத்துக்கு, காப்பிக்கு, மாவாட்ட என்று ஆட்கள். முதலாளி பேசுவது மாஸ்டரிடம் மட்டும்தான். மாஸ்டர் வந்தால் எல்லோரும் வருவார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். சோறும் படுக்கையும் ஹோட்டலிலேயே என்பதால், கிளம்பினால் இரண்டும் அன்றைக்கே போய்விடும்.

எழுபதுகளின் நடுவில், தி. நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு ஹோட்டலில், அப்படி ஒரு செட்டில் நான் இருந்தேன். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி கிளீனர், அச்சாபீஸ், ஐஸ் கம்பெனி என்று சுற்றியவன். எதிலும் ஒரு வருஷம் தாங்கியதில்லை. இங்கே காய் நறுக்கினேன், தண்ணீர் தூக்கினேன். மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். தோசைக்கல்லில் நின்றது அவருடைய மச்சினர். காப்பி போட்டவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். இன்னும் மூன்று பேர் மாஸ்டரின் ஊர்க்காரர்கள். நான் வந்து சில மாதம் ஆனபின் ஒருநாள், மதியக் கூட்டம் ஓய்ந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "ஏழு இலை போடுடே, ஒனக்கும் சேத்து" என்றார் மாஸ்டர். செட்டில் சேர்வதற்கு அதற்கு மேல் சடங்கு கிடையாது.

மழை ஏமாற்றிய வருஷம் அது. அரிசியும் எண்ணெயும் கிடைப்பது பாடாக இருந்தது. முதலாளியின் மருமகன் புதிதாகக் கல்லாவில் வந்து உட்கார்ந்திருந்தார். ஒருநாள் காலை அடுப்படிக்குள் வந்து, "ஆளுங்களுக்குத் தனியா ஒரு சாம்பார் வைங்க மாஸ்டர். பருப்பு பேருக்குப் போட்டாப் போதும்" என்றார்.

"எங்களுக்கும் அதே அண்டாதான். இத்தன வருசமா அப்படித்தான்."

"கஸ்டமர் காசு குடுத்துத் திங்கிறான். இவனுங்களுக்கு என்ன?"

மாஸ்டர் கரண்டியைக் கழுவி, துடைத்து, அண்டாவின் மேல் குறுக்காக வைத்தார். எங்கள் பக்கம் திரும்பி, "அடுப்ப அணைங்கடே" என்றார்.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வருவதற்குக் கொஞ்ச நேரமே இருந்தது. டிரங்குப் பெட்டிகளோடு பின் சந்து வழியாக வெளியே வந்தோம். அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் வந்தோம். "மாப்ள இப்ப தோசக்கல்லாண்ட நின்னுகினு வேட்டியப் பத்த வெச்சுக்கினு இருப்பாரு" என்றார் காப்பிக்காரர். பனகல் பார்க் மர நிழலில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மாஸ்டர் ஒரு வாரத்தில் வேறு இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆனால் அது ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, அதனால் கல்யாணச் சமையல்காரர்களும் ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாதி ஹோட்டல்களில் சாயங்கால அடுப்பே எரியவில்லை. தெருக்குழாயில் குளித்து, இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாஸ்டர் தினமும் நடந்தே போவார். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, அடையாறு. முதலில் திரும்பி வந்ததும் யார் என்ன சொன்னார்கள் என்று விவரமாகச் சொல்வார். பிறகு வந்து சும்மா உட்கார்ந்துவிடுவார். எங்களுக்குப் பகலில் பார்க், ராத்திரி மாம்பலம் ஸ்டேஷன். ஊர்க்காரர்களில் இருவருக்குச் சில நாள் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. கிடைக்காத நாளில் குழாய்த் தண்ணீர்தான்.

ஒருநாள் மாஸ்டரோடு நானும் மயிலாப்பூர் போனேன். கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு அம்மாள், கணவர் இறந்தபின் அவருடைய ஹோட்டலை நடத்திக்கொண்டிருந்தார். அங்கே இருந்த செட் அப்போதுதான் போயிருந்தது.

"உங்க கைப்பக்குவம் எனக்குத் தெரியும் மாஸ்டர். ஆனா ஏழு பேருக்கு நான் எங்க போறது? காய் நறுக்க என் பொண்ணுங்களே இருக்காங்க. ஆறு பேர்னா நாளைக்கே வாங்க."

"ஏழு பேரும்மா."

"ஒரு ஆள்தானே மாஸ்டர்."

"ஏழுன்னா வாரேன்."

திரும்பி நடக்கும்போது லஸ் தாண்டியபின் நின்று சொன்னார். "இத அங்க போய்ச் சொல்லாண்டாம்."

நான் சொல்லவில்லை. காப்பிக்காரருக்கு அந்த ஹோட்டலுக்குப் பால் ஊற்றுகிறவனைத் தெரியும். அவன் மூலம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏழாவது என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருநாள் காப்பிக்காரர் எங்கிருந்தோ இரண்டு பன் கொண்டுவந்தார். பிய்த்துக்கொண்டே, "ஆறா பிக்கிறது சுளுவு. ஏழா பிக்கிறதுதான் பேஜாரு" என்றார். சிலர் சிரித்தார்கள். என் பங்கு என் கைக்கு வந்தது, நானும் தின்றேன்.

ஊர்க்காரர்களில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு கண்டு எழுந்திருக்க முடியாமல் போனது. அன்றைக்கு, மாஸ்டர் இல்லாத நேரத்தில், மச்சினர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒன்ன வெறுத்துச் சொல்லல. நீயா போய்ட்டேன்னு வச்சுக்கோ, அத்தான் சொன்ன சொல்லும் கெடாது, நாங்களும் பொழச்சுக்கிடுவோம்."

"எங்க போக?"

"இதுக்கு முன்ன எங்கெல்லாமோ போனவன்தான நீ."

அது உண்மைதான். அதுவரை ஓர் இடத்தை விட்டுப் போக நான் யோசித்ததே இல்லை. ஆனால் தனியாகப் பட்டினி கிடப்பது ஒன்று, ஆறு பேரோடு கிடப்பது வேறு. முன்னதை நான் பலமுறை பார்த்திருந்தேன். மறுபடி அதற்குப் போக எனக்குத் தெம்பில்லை.

"நான் போகல" என்றேன்.

மறுநாள் மாஸ்டர் அடையாறு போயிருந்தார். அவர்கள் பாயைச் சுருட்டினார்கள். உடம்புக்கு முடியாதவரை இருவர் தாங்கிக்கொண்டார்கள். மச்சினர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்து பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போவதைப் பார்த்தபடி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.

இருட்டும் நேரத்தில் மாஸ்டர் வந்தார். "எங்க?" என்றார்.

"மயிலாப்பூர்."

"மாஸ்டரா யாரு?"

"உங்க மச்சினர்."

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. அவற்றைப் பிடித்துவிட்டபடி, "அவனுக்குக் கூட்டு வைக்கத் தெரியாது" என்றார்.

விடிந்ததும் இருவரும் கச்சேரி ரோட்டுக்கு நடந்தோம். அவர்களைத் திட்டித் திரும்ப அழைத்துவரப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பின்வாசலுக்குப் போய் நின்றார். மச்சினர் கரண்டியும் கையுமாக வெளியே வந்தார்.

"வாங்கத்தான். ஒங்க எடம் அப்படியே இருக்கு. ஆறு பேர்னுதான் பேசியிருக்கேன். நான் கல்லுக்குப் போயிருதேன்."

"இவன்?"

மச்சினர் தரையைப் பார்த்தார். "ஆறுதான் அத்தான்."

உள்ளே தாளித்துக்கொண்டிருந்தார்கள். கடுகும் பெருங்காயமும் வாசலுக்கு வந்தன. மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"போகட்டுமா?"

அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்னோடு பார்க்குக்குத் திரும்பியிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிச் சொல்லலாமா என்று நினைக்கவும் செய்தேன். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னிடம் கேட்காமலே உள்ளே போயிருக்கலாம்.

"போங்க மாஸ்டர்" என்றேன்.

"இங்கனயே இரு. சாப்பிடாமப் போயிராத."

குனிந்து உள்ளே போனார். நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெயில் என் காலிலிருந்து மடிக்கு ஏறியிருந்தது. காப்பிக்காரர் ஒரு இலைப் பொட்டலத்தோடு வந்தார்.

"பெர்சு குடுத்துச்சு. துன்னு நைனா."

வாங்கிக்கொண்டேன். அவர் போகாமல் நின்றார். துண்டால் கையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"நாளைக்கு வராத, இன்னா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதைச் சொல்லி அனுப்பியது மாஸ்டரா, மச்சினரா, அந்த அம்மாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் சாப்பிட முடியாமல் போய்விடும் என்று பயமாக இருந்தது. பொட்டலத்தைப் பிரித்தேன். சோறு சூடாக இருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.