அரிசிப் பையில் அணுகுண்டு

பேருந்தில் பட்டாசு கொண்டுபோகக் கூடாது என்பது எனக்கு மூன்றாம் வகுப்பிலேயே தெரியும். தீபாவளிக்கு முந்தின வாரம் பள்ளியில் கையை நீட்டி உறுதிமொழி எடுத்திருந்தோம். உரிமம் உள்ள கடையில்தான் வாங்குவேன், காலை ஆறு முதல் ஏழு வரையும் இரவு ஏழு முதல் எட்டு வரையும் மட்டுமே வெடிப்பேன், பேருந்தில் எடுத்துச் செல்ல மாட்டேன். வரி பிசகாமல் சொன்னது நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் தலைக்கு ஏறியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை அம்மா என்னைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போனாள். எனக்கென்று ஒரு கம்பி மத்தாப்புகூட வாங்கவில்லை. வாங்கியது அத்தனையும் அணுகுண்டு. அதையும் அரிசிப் பையின் அடியில் போட்டு மறைத்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

வெள்ளிமலை பஸ் மலையடிவாரத்தில் நின்றபோது கண்டக்டர், "யாராவது வெடிகிடி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். வகுப்பில் எழுவதுபோல் எழுந்து கையைத் தூக்கினேன்.

"எங்கம்மா வெச்சிருக்குது சார்."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் சிரிக்கவில்லை.

"இன்னாம்மா இது? ஒரு பொறி பட்டா இத்தினி உசுரும் போயிடும். வெடிய எறக்கு, இல்ல நீ எறங்கு."

"கொல்லைல பன்னி வெரட்டத்தாங்க. மரவள்ளிய பூரா தோண்டிடுது," என்றாள் அம்மா.

அப்பா தகரம் தட்டித்தானே பன்றி விரட்டுவார்? அம்மா பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

அம்மா மலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டிகளை எடுத்து டீக்கடையோரம் நின்ற பையன்களிடம் கொடுத்துவிட்டாள். பஸ் கிளம்புவதற்குள் முதல் குண்டு வெடித்தது. மணி நாலுதான் ஆகிறது, இது வெடிக்கிற நேரமில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை.

பன்றிகளுக்குத் தகரச் சத்தம் பழகிப் போயிருந்தது. பொங்கலுக்குள் எங்கள் மரவள்ளிக் கொல்லையில் ஒரு கிழங்கு மிச்சமில்லை. அப்பாவும் அம்மாவும் ஊரை விட்டுக் காப்பித் தோட்டத்து வேலைக்குக் கிளம்பினார்கள். கண்டக்டர் செய்தது சரி, நான் சொன்னதும் உண்மை.

என்னை விடுதியில் விட வந்த அன்று, அம்மா என் தலையைத் தடவியபடி வார்டனிடம் சொன்னாள்:

"இது பொய் சொல்லாதுங்க. நல்லா பாத்துக்குங்க."

இத்தனை பிள்ளைகள் முன்னால் அம்மா என்னை மெச்சுகிறாளே என்று நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.